கடுங்குளிரில் ராணுவ லாரி எடுக்கப் போகிறவர்களுக்கு

"அண்ணா, இந்தக் குளிர்ல ஸ்டார்ட் ஆகுமா?"

அமெரிக்க ராணுவம் கழித்த லாரியை ஏலத்தில் எடுத்துவிட்டு ஜனவரியில் போய்க் கொண்டுவர வேண்டியவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஆகும். நல்ல பேட்டரி இரண்டும் உறையாத டீசலும் இருந்தால் மைனஸ் இருபது டிகிரியிலும் அந்த இன்ஜின் பிடித்துக்கொள்ளும். என் கவலை வேறு. கிட்டத்தட்ட ஆறு டன் எடையுள்ள, பல வருஷம் யார்டில் சும்மா நின்ற லாரி பனிச்சாலையில் நிற்குமா? அதனால் நான் எப்போதும் பிரேக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன், இன்ஜின் அப்புறம். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

நான் சொல்வதெல்லாம் எம்35ஏ2 லாரிக்கு. இரண்டரை டன் சுமை ஏற்றும் வகை என்பதால் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று பெயர், சுருக்கமாக டியூஸ். எம்35 வரிசை 1950 வாக்கில் ஆரம்பித்தது. ஏ2 வகை வியட்நாம் போர்க் காலத்தில் வந்தது. முதலில் கைசர் ஜீப்பும் பிறகு ஏஎம் ஜெனரலும் செய்தார்கள். மூன்று ஆக்ஸில், பத்துச் சக்கரம், டீசலும் மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் குடிக்கும் 7.8 லிட்டர் மல்டிஃப்யூவல் இன்ஜின், 24 வோல்ட் மின்சாரம். சாவி கிடையாது. பவர் ஸ்டியரிங் பெரும்பாலும் கிடையாது. ஹீட்டர் தனியாகப் பொருத்தினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கேபினுக்குக் கூரை தார்ப்பாய். பின்னால் வந்த எம்35ஏ3யில் கேட்டர்பில்லர் இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் இருக்கும். எம்923 போன்ற ஐந்து டன் லாரிகளில் முழு ஏர் பிரேக். ஏர் ஏறாமல் அவை நகரவே நகராது. அவற்றுக்கு முறை வேறு.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தின் கழிவுப் பொருட்களை விற்பது டிஎல்ஏ டிஸ்போசிஷன் சர்வீசஸ். தலைமையகம் மிச்சிகனில் பேட்டில் கிரீக். வண்டி வகைகள் பெரும்பாலும் கவ்பிளானட் ஏலம் வழியாக வருகின்றன. சில வண்டிகளுக்கு, யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கும் இறுதிப் பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள். அது ஒப்புதலாகி வர வாரக்கணக்கில் ஆகும். அக்டோபரில் நல்ல வெயிலில் ஏலம் எடுத்தவர் டிசம்பர் பனியில் போய் நிற்பது இதனால்தான். எடுக்கச் சொல்லும் கெடு தாண்டினால் நாள் வாடகை ஏறும். யார்டுக்கு நேரம் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். அழைக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: உள்ளே வைத்து வேலை பார்க்க விடுவார்களா, சொந்த ஓட்டத்தில் வெளியே எடுக்க விடுவார்களா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள். சில இடங்களில் ட்ரெய்லரில் ஏற்றித்தான் வெளியே விடுவார்கள். போய்ச் சேர்ந்த பிறகு அது தெரிந்தால் அன்றைய நாள் போச்சு.

ஏலப் பக்கத்தில் இருக்கும் 'இன்ஜின் ஓடுகிறது' என்ற வரியையும் வீடியோவையும் நம்பிப் போகாதீர்கள். அந்த வீடியோவில் பின்னால் புல் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜூலையில் எடுத்த வீடியோ என்றால் அதற்குப் பிறகு ஆறு மாதம் வண்டி நகராமல் நின்றிருக்கிறது. அதில் தெரிந்த பேட்டரி இன்றைக்கு அதே வண்டியில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

எடுத்துப் போக வேண்டியவை

முதலில் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி இரண்டு, முழுச் சார்ஜோடு. குரூப் 31 அளவு லாரி பேட்டரி இந்தப் பெட்டிக்குள் சரியாக உட்காரும். முந்தின இரவு வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போட்டு, காலையில் காரின் உட்புறத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். டிக்கியிலோ பிக்கப்பின் பின்தட்டிலோ வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் செல்ஃப் எடுக்கும் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். அதே குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றவைக்க இரண்டு மடங்கு பலம் வேண்டும். சூடான பேட்டரி இந்த வேலைக்குப் பாதித் தீர்வு.

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பேட்டரியைத் தொடுவதற்கு முன் பக்கச் சுவர்களைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ உள்ளே உறைந்துபோயிருக்கிறது. சார்ஜ் முழுதும் இறங்கிய பேட்டரி மைனஸ் ஏழு எட்டிலேயே உறைந்துவிடும். முழுச் சார்ஜில் இருப்பது மைனஸ் ஐம்பதிலும் உறையாது. உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால் வெடிக்கும். மினசோட்டா மாதிரி குளிர் மாநிலத்தில் இருக்கும் எவருக்கும் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கழற்றி வெளியே வைத்துவிட்டு உங்கள் பேட்டரியைப் போடுங்கள். ஒன்றின் பிளஸ் முனையை அடுத்ததன் மைனஸ் முனையோடு இணைத்தால் 24 வோல்ட். எர்த் கேபிளைக் கழற்றும்போது முதலில், மாட்டும்போது கடைசியில். உங்கள் காரிலிருந்து நேராக ஜம்ப் கேபிள் இழுக்க நினைக்காதீர்கள். கார் 12 வோல்ட், இது 24. இன்னொரு ராணுவ வண்டி பக்கத்தில் இருந்தால் பேட்டரிப் பெட்டிக்கு அருகில் இருக்கும் ஸ்லேவ் சாக்கெட் வழியாகக் கொடுக்கலாம். அதற்கான கேபிள் வேறு, முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

அடுத்து டீசல். இங்கே அமெரிக்காவில் பங்க்கில் நம்பர் 2 டீசல், நம்பர் 1 டீசல் என்று இரண்டு உண்டு. நம்பர் 2 பூஜ்யத்துக்குக் கீழே ஏழு, பத்து டிகிரி போனதும் மெழுகு பிரிந்து கலங்க ஆரம்பிக்கும். அந்த மெழுகு ஃபில்டரை அடைத்துவிடும். நம்பர் 1 மண்ணெண்ணெய் மாதிரி லேசானது, கடுங்குளிரிலும் ஓடும். குளிர்காலத்தில் வடக்கு மாநிலங்களில் இரண்டையும் கலந்து விற்பார்கள். நான் 20 லிட்டர் கேனில் இரண்டு நம்பர் 1 கொண்டுபோவேன். டேங்கில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. நேராக ராணுவ முகாமிலிருந்து வந்த வண்டியானால் ஜேபி-8 என்ற ராணுவ எரிபொருள் இருக்கலாம், அது மைனஸ் 47 வரை தாங்கும், அதிர்ஷ்டம். தெற்கே டெக்சஸ், ஜார்ஜியா பக்கம் கோடையில் நிரப்பிய நம்பர் 2 ஆகவும் இருக்கலாம். ஒரு சிறிய கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மோர் போல மங்கலாக இருந்தால் மெழுகு. அடியில் தனியாக ஒரு படலம் உருண்டால் தண்ணீர். உறையாமல் காக்கும் மருந்து உறைவதற்கு முன்னால் ஊற்ற வேண்டியது. உறைந்த பிறகு ஊற்றினால் பிரயோஜனம் இல்லை.

இந்த இன்ஜினில் ஃபில்டர் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று. மாற்று ஃபில்டர்கள், அவற்றின் ரப்பர் வளையங்கள், கழற்றும் ஸ்பேனர் எல்லாம் கையில் இருக்கட்டும்.

மற்றவற்றை ஒரே மூச்சில் சொல்கிறேன்: டாட் 5 சிலிக்கான் பிரேக் ஆயில், 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில், கூலன்ட், கூலன்ட் சோதிக்கும் மீட்டர், சக்கரத்துக்குப் போடக் கனமான மரக்கட்டை நான்கு, பெரிய ஜாக்கி, அது புதையாமல் இருக்க ஒரு பலகை, டயருக்குக் காற்று அளக்கும் மீட்டர், எச்சரிக்கை முக்கோணங்கள், நெற்றி விளக்கு, ரேடியேட்டருக்கு முன் செருக ஒரு பெரிய அட்டை, கண்ணாடி சுரண்டும் கத்தி, பழைய துணிகள். கையேடு டிஎம் 9-2320-361-10 அச்சடித்த தாளாக இருக்கட்டும். குளிரில் போன் பேட்டரி திடீரென்று செத்துவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் படம் தேவைப்படும்.

உடை விஷயத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கேபின் தரையில் பெடல் ஓட்டைகள் வழியாகவே காற்று மேலே வரும். கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஒரு அடுக்கு, அதன் மேல் காற்றுப் புகாத முழு அங்கி, காதை மூடும் தொப்பி. கால் முக்கியம், ஒரு அளவு பெரிய பூட்ஸில் கம்பளிச் சாக்ஸ். கைக்கு இரண்டு வகை உறை: டீசல் வேலைக்கு மெல்லிய ரப்பர் உறை போட்டு அதன் மேல் கம்பளி, ஓட்டுவதற்கு உலர்ந்த தோல் உறை. மைனஸ் இருபதில் இருக்கும் டீசல் கையில் கொட்டினால் அது தண்ணீர் மாதிரி உறையாமல் அந்தக் குளிரோடு அப்படியே தோலில் உட்காரும். கண நேரத்தில் தோல் செத்துவிடும்.

யார்டில் முதல் ஒரு மணி நேரம்

வண்டிக்குப் பக்கத்தில் போனதும் கை தானாக ஸ்டார்ட்டர் பட்டனுக்குத்தான் போகும். போக விடாதீர்கள். முதலில் இரு பக்கமும் கட்டை போடுங்கள். பிறகு கீழே படுங்கள், ஒரு பழைய பாயோ அட்டையோ விரித்துக்கொண்டு.

டியூஸின் பிரேக் ஹைட்ராலிக், அதற்குக் காற்று உதவி. ஏ2வில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஆறு இடங்களில் இருக்கும் வீல் சிலிண்டரில் ஒன்று ஒழுகினாலும் ஆறுக்கும் பிரேக் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமாக டார்ச் அடியுங்கள். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் அடி விளிம்பில் ஈரக் கோடு இருக்கிறதா, டயரின் உள்சுவரில் வழிந்த தடம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். 1980களில் ராணுவம் சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறியது. அது ஊதா நிறம், குளிரில் கெட்டியாகாது, தொட்டால் வழவழவென்று விரலை விட்டுப் போகாது. கியர் ஆயில் ஒழுகலானால் பழுப்பாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும். அது ஆக்ஸில் சீல் பிரச்சினை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். ஊதா தெரிந்தால் அந்த வண்டி ட்ரெய்லரில்தான் வீடு வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சிலிக்கான் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது. நல்ல குணம்தான், ஆனால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் கலக்காமல் இறங்கித் தாழ்வான இடத்தில், அதாவது வீல் சிலிண்டரில், தேங்கும். கோடையில் துருப்பிடிக்க வைக்கும், குளிரில் அங்கேயே உறையும். நின்ற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிக்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். சாதாரண டாட் 3 ஆயிலை இதோடு கலக்கவே கூடாது.

ஓட்டுநர் காலடியில் இருக்கும் தகட்டைக் கழற்றினால் மாஸ்டர் சிலிண்டரின் மூடி தெரியும். ஆயில் மட்டம் பாருங்கள். பிறகு சீட்டில் ஏறி, காற்று இல்லாத நிலையிலேயே பெடலை அழுத்தி அப்படியே வைத்திருங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ உள்ளே கசிகிறது. ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துப் பாருங்கள். அது சக்கரத்தில் இல்லை, ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் தனி டிரம்மில் பிடிக்கிறது. பெடல் கைவிட்டால் மிச்சம் இருப்பது அதுவும் கியரும்தான்.

சேசிஸுக்கு அடியில் காற்று டேங்குகளின் வடிகால் திருகைத் திறங்கள். ஒன்றும் வராவிட்டால் காலி என்று அர்த்தமில்லை, உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி அடைத்திருக்கலாம். திறந்தபடி விட்டுவைத்து, இன்ஜின் ஓடிச் சூடானபின் மறுபடியும் பாருங்கள். ஊதுபர்னர் நெருப்பை அங்கே காட்டாதீர்கள். பக்கத்தில் பிரேக் குழாயும் டீசல் குழாயும் ஓடுகின்றன.

ஆயில், கூலன்ட் இரண்டும் சட்டென்று முடிகிற வேலை. கூலன்ட் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். தெற்கு மாநிலத்து வண்டியில் வெறும் தண்ணீர் மாதிரி இருந்து அது உறைந்திருந்தால், இன்ஜினைத் தொடாதீர்கள், ட்ரெய்லரில் ஏற்றுங்கள். சைலன்சர் குழாயின் மேல் மூடி இருக்கிறதா, அது வழியாகப் பனி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று ஃபில்டரைத் திறந்தால் எலிக் கூடு இருக்கும், அநேகமாக எல்லா யார்டு வண்டியிலும் இருக்கும்.

ஸ்டார்ட் செய்வது

ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினை நிறுத்துகிற கேபிளை இழுத்துப் பாருங்கள். டாஷ்போர்டில் இருக்கும் அந்தக் கைப்பிடி இன்ஜெக்ஷன் பம்புக்கு டீசலை நிறுத்தும். கேபிள் உறைக்குள் ஈரம் இறங்கி உறைந்திருந்தால் ஓடுகிற இன்ஜினை நிறுத்த முடியாது. உள்ளே வெளியே என்று சில முறை இழுத்துத் தளர்த்திவிட்டு, முழுக்க உள்ளே தள்ளி வையுங்கள். அப்படியும் ஓடும்போது நிற்காமல் போனால் ஐந்தாம் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். உடன் வந்தவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில், கிளட்சை முழுக்க மிதியுங்கள். கெட்டியான கியர் ஆயிலைச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டரிலிருந்து குறையும். மெயின் லீவரைத் திருப்பியதும் டீசல் டேங்குக்குள் பம்ப் ரீங்கரிக்கும் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் செல்ஃப் எடுக்காதீர்கள். வயரையும் பேட்டரி முனையையும் பாருங்கள். அரை நிமிடம் ரீங்கரிக்க விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போதே மேனிஃபோல்டு ஹீட்டர் சுவிட்சையும் பிடித்திருங்கள். அது இன்ஜினுக்குள் போகும் காற்றை, சின்னச் சுடர் ஒன்றால் சூடாக்குகிறது. பல கழிவு வண்டிகளில் அதன் வயரைக் கழற்றி விட்டிருப்பார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிரில் இன்ஜின் சட்டென்று பிடிக்க அடிக்கிற ஈதர் ஸ்ப்ரே இதற்குக் கூடாது. சுடர் எரிகிற மேனிஃபோல்டில் ஈதர் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுடர் இல்லாத வண்டியிலும் இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 22க்கு 1. ஈதர் முன்கூட்டியே வெடித்து பிஸ்டனை உடைக்கும். யார்டில் எவராவது உதவ வந்து ஸ்ப்ரே டப்பாவை நீட்டுவார், நல்ல மனதோடுதான் நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் செல்ஃப் எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை, தொடருங்கள். புகையே இல்லாவிட்டால் டீசல் வரவில்லை. ஃபில்டரைத் திறந்து பாருங்கள், வெள்ளைக் களிம்பு அப்பியிருக்கும். மாற்றி, நம்பர் 1 டீசல் நிரப்பி, ஏர் லாக் எடுத்துவிட்டு மறுபடியும். பிடித்துக்கொண்டதும் ஒன்றிரண்டு சிலிண்டர் தடதடக்கும், வெண்புகை யார்டையே மூடும். பயப்படாதீர்கள். ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்து முறுக்காதீர்கள். கெட்டி ஆயில் டர்போ பேரிங்கை எட்ட நேரம் ஆகும். கை த்ராட்டிலில் ஆயிரம் சுற்று வாக்கில் வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். கிளட்சை நியூட்ரலில் விட்டே வையுங்கள், கியர் பாக்ஸில் உள்ள ஆயிலும் கொஞ்சம் இளகும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றவே கூடாது, ஆல்டர்னேட்டர் போய்விடும்.

இப்போது ஏர் ஏறும். 60 பிஎஸ்ஐ வரைக்கும் பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும். நூறு பக்கம் போனதும் பிரேக்கை அழுத்துங்கள். 'புஸ்' என்று ஒரு தரம் சத்தம் வந்து அடங்க வேண்டும். அழுத்தியிருக்கும் வரை சீறிக்கொண்டே இருந்தால் ஏர் பேக் (air pack) என்று சொல்லும் காற்று உதவிச் சிலிண்டர் கெட்டிருக்கிறது. பிறகு முதல் கியரில் பத்தடி நகர்ந்து நிறுத்துங்கள், பின்னால் பத்தடி. உடன் வந்தவர் வெளியே நின்று எல்லாச் சக்கரமும் சுற்றுகிறதா என்று பார்க்கட்டும். சுற்றாமல் பனியில் வழுக்கி இழுபடுகிற சக்கரம் இருந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது. டிரம்மின் வெளிச்சுற்றில் மரச் சுத்தியலால் தட்டினால் சில சமயம் விடும்.

ஓட்டுவதா, ஏற்றுவதா

பிரேக் பரிசோதனை முழுக்கத் தேறி, டயர் விரிசல் இல்லாமல், சாலை உலர்ந்து, பகல் வெளிச்சம் மிச்சம் இருந்தால் ஓட்டலாம். இதில் ஒன்று குறைந்தாலும் தாழ்வான தளமுள்ள லோபெட் ட்ரெய்லர். காசு அதிகம்தான், லாரி வாங்கிய விலையில் பாதிகூட ஆகும். அந்தக் கணக்கை ஏலம் கேட்பதற்கு முன்னாலேயே போட்டு வையுங்கள். இன்னொரு வண்டியால் இழுத்துவருவதானால் புரொப்பல்லர் ஷாஃப்டுகளைக் கழற்றாமல் நெடுந்தூரம் இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாமல் உள்ளே சுற்றும் பாகங்களுக்கு ஆயில் போகாது.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாலை எடை வரம்பு 26,001 பவுண்டுக்குக் கீழே இருப்பதால் சொந்த உபயோகத்துக்கு விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் சாதாரண கார் லைசென்ஸே போதும். இன்சூரன்சும் தற்காலிக அனுமதியும் முன்கூட்டியே எடுங்கள். பலருக்கு உரிமைப் பத்திரம் பெறுவதற்கான எஸ்எஃப்-97 படிவம் பிறகு தபாலில்தான் வருகிறது. அது வந்ததும் முதல் வேலையாக அதிலுள்ள எண்ணை டாஷ்போர்டுத் தகட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

உதாரணத்துக்கு, விஸ்கான்சினில் ஸ்பார்ட்டா பக்கத்திலிருந்து மினசோட்டாவுக்கு வர ஐ-94 என்ற அதிவேகச் சாலை இருக்கிறது. நான் அதில் டியூஸை ஏற்ற மாட்டேன். இந்த வண்டியின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர், அதற்கு மேல் கூடாது என்று தகடே சொல்கிறது. பழைய வண்டியை முதல் நாள் 70ஐத் தாண்டி ஓட்டவே கூடாது. 110ல் பறக்கிற கனரக லாரிகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் கண்ணாடியில் அறைய, காற்றால் இயங்கும் அந்த நோஞ்சான் வைப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஹைவே 16ல் பாங்கர், வெஸ்ட் சேலம் வழியாக லா க்ராஸ் வாருங்கள். அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றின் கரையோடு ஹைவே 35: டிரெம்பிலோ, ஃபவுன்டன் சிட்டி, ஆல்மா, பெப்பின், பிரெஸ்காட். மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஊர் விட்டு ஊர் அதிக தூரமில்லை, நிறுத்த இடம் உண்டு, எவரும் அவசரப்படுத்துவதும் குறைவு. பெப்பின் ஏரி ஓரத்தில் மட்டும் உறைந்த நீர்ப்பரப்பின் மேலிருந்து வரும் பக்கக் காற்று தார்ப்பாய்க் கூரையைப் பிடித்து உலுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். பின்னால் நண்பரின் கார் விளக்கு மின்ன வரட்டும்.

முதல் சில கிலோமீட்டருக்கு வண்டி குதிரை மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். நின்ற இடத்தில் டயர் தட்டையாகி அந்த வடிவிலேயே விறைத்திருக்கிறது, சூடாக ஆகச் சரியாகும். கியர் விழ மறுக்கும். டபுள் கிளட்ச் போடுங்கள், அதாவது நியூட்ரலுக்கு ஒரு தரம், கியருக்கு ஒரு தரம் என்று கிளட்சை இரண்டு தரம் மிதியுங்கள். ரேடியேட்டருக்கு முன் அட்டையைப் பாதி மறைத்துச் செருகி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். உங்கள் மூச்சே கண்ணாடியின் உள்பக்கம் உறையும். பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. புகை நச்சுக்கும் அதுதான் பாதுகாப்பு. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கேபினில் மாட்டினால் இன்னும் நல்லது. தார்ப்பாயின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலைக் குளிரில் மடக்காதீர்கள், சில்லுச் சில்லாக உடையும்.

நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே காலை எடுத்து, ஒவ்வொரு கியராக இறங்கி, கடைசியில்தான் பிரேக். பழைய ராணுவ டயரின் ரப்பர் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். பனிக்கட்டியில் பெடலை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் போக ஆரம்பிக்கும்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் முதல் நிறுத்தம். கை உறையைக் கழற்றி ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இந்தக் குளிரில் எல்லாம் ஒரே மாதிரி லேசான வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் இழுக்கிறது அல்லது பேரிங் போகிறது. ஒன்று மட்டும் உறைபனிபோல் இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலையே செய்யவில்லை. இதை நான் முழு வழியிலும் ஒவ்வொரு ஊரிலும் செய்வேன். தம்பி ஒருவன், "அண்ணா, போன ஊர்லதானே பார்த்தோம்" என்றான். "பார்த்தோம்பா, இந்த ஊர்ல இன்னும் பார்க்கலையே" என்றேன். ஆல்மாவில் ஒரு நடுக்குடம் சுட்டது. அங்கேயே அரை மணி நின்று, ஷூவைத் தளர்த்திய பிறகுதான் கிளம்பினோம்.

வீட்டில்

வந்ததும் சூடு ஆறுவதற்குள் காற்று டேங்கின் வடிகாலைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுங்கள், டீசல் ஃபில்டர்களின் அடித் திருகையும். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஈர ஷூ இரவில் டிரம்மோடு உறைந்துவிடும். கியரில் விட்டுக் கட்டை போடுங்கள். அடிப்பக்கத்து உப்பை, பூஜ்யத்துக்கு மேல் வெயில் வருகிற முதல் நாளில் கழுவுங்கள்.

சுத்தமான புதுப்பனி மேல் நிறுத்தினால் இன்னொரு வசதி இருக்கிறது. காலையில் வண்டியைப் பத்தடி நகர்த்திவிட்டு, நின்ற இடத்தைப் பாருங்கள். எங்கெங்கே என்ன சொட்டியிருக்கிறது என்பது நிறத்தோடு தெரியும். கறுப்பு இன்ஜின் ஆயில், பழுப்பு கியர் ஆயில், பச்சை கூலன்ட். இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு வசந்தத்தில் பார்க்கலாம். ஒரு பொட்டு ஊதா இருந்தாலும் ஆறு வீல் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் ரப்பர் குழாய்களையும் மொத்தமாக மாற்றும் வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது அடுத்த மாதம் ஒழுகும். எல்லாம் ஒரே வயசு.